தாத்தாவின் கரைவலை லைசென்ஸ்: பார்க்ஸ் போர்டின் பழைய கோப்புகள் இப்போது யாரிடம் இருக்கின்றன?

சாட்ஸ்வர்த்_பேரன்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பான இடத்தில் கேட்கிறேன் என்றால் மாற்றிவிடுங்கள்.

போன மாதம் ஆயாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். அலமாரி மேலே ஒரு பிஸ்கட் டின். உள்ளே காவடி போட்டோ இரண்டு, ஒரு மூக்குத்தித் திருகு, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னப் புத்தகம். பேங்க் புத்தகம் என்று நினைத்துத்தான் பிரித்தேன். பார்த்தால் மீன் கணக்கு. தாத்தா இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்தவர் என்று தெரியும், ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார், வீட்டில் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச மாட்டார்கள். புத்தகம் 1972லிருந்து 1978 வரை. தேதி, எந்தக் கடற்கரை, எத்தனை பாடு (எத்தனை தடவை வலை போட்டது), என்ன மீன், எவ்வளவு எடை என்று அச்சடித்த கட்டங்கள். எடைக் கட்டத்தின் தலையில் பவுண்ட் என்று அச்சாகியிருக்கிறது, அதைப் பேனாவால் அடித்துவிட்டு பக்கத்துக்குப் பக்கம் கிலோ என்று எழுதியிருக்கிறார். கையெழுத்து மட்டும் தமிழில். அட்டையில் நேட்டால் பார்க்ஸ் போர்டின் முத்திரை.

எனக்குப் புரியாதது இதுதான். பார்க்ஸ் போர்டு என்றால் காண்டாமிருகம், சரணாலயம், ஈஸ்டர் லீவுக்கு வாடகைக்கு எடுக்கிற குடிசை. மத்தி பிடிக்கிறவருக்கு அவர்கள் எதற்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும்? அந்த போர்டு எப்போது ஆரம்பித்தது, இப்போது அது யார், தாத்தா திருப்பிக் கொடுத்த தாள்களெல்லாம் (ஒவ்வொரு பக்கத்துக்கும் கார்பன் பிரதி கிழித்த தடம் இருக்கிறது) எங்கே போயிருக்கும்? ஒரு அலுவலகத்தில் கேட்டேன், இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கே போனால் முதல் அலுவலகத்தின் போன் நம்பரையே எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் இப்படியே போனது. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

---

மாரிட்ஸ்பர்க்_டீச்சர்

தம்பி, முதலில் அந்த ரப்பர் பேண்டைக் கழற்றி எறியுங்கள். அது உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். சாதா பருத்தி நாடா போதும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ரிடையர் ஆனதிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது நான் ஆவணக் காப்பகத்தில்தான் கிடக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த போர்டின் முழுப் பெயரைக் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1947இல் நேட்டால் மாகாணம் அதை உண்டாக்கியபோது வைத்த பெயரே பூங்காக்கள், வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்பு போர்டு என்பதுதான். மீன் பெயரிலேயே இருந்தது, ஜனங்கள் வாயில் அது பார்க்ஸ் போர்டு என்று சுருங்கிவிட்டது. பறவை ஆராய்ச்சியாளரான கர்னல் ஜாக் வின்சென்ட் முதல் டைரக்டர். இன்னொன்று, இது மாகாணத்தின் போர்டு, மத்திய அரசுடையது இல்லை. குரூகரைப் பார்த்துக்கொள்கிற தேசியப் பூங்கா அமைப்பு 1926ஆம் வருடச் சட்டத்தில் வந்த வேறு வீடு. நேட்டால்காரர்கள் தங்கள் காடுகளை அந்த வீட்டுக்குக் கொடுக்காமல் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆகவே பிரிட்டோரியாவில் தேடாதீர்கள். நான் ஒரு காலத்தில் அங்கே போய் இரண்டு நாள் வீணாக்கியவள்.

அப்புறம் 1982இல் குவாசூலு ஹோம்லேண்ட் (நிறவெறி ஆட்சி கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பகுதி) அரசு தனக்கென்று ஓர் இயற்கை வளப் பிரிவு வைத்துக்கொண்டது. அது பின்னால் தனித் துறையானது. ஒரே மாகாணத்தில், பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்கு, இரண்டு அரசு, இரண்டு சீருடை, இரண்டு பதிவேடு. 1994இல் நிறவெறி ஆட்சி போன பிறகு இரண்டையும் சேர்த்தாக வேண்டியிருந்தது. 1997இல் சட்டம் போட்டு 1998இல் ஒன்றாக்கினார்கள். இன்று எசெம்வெலோ என்று பச்சைப் பெயர்ப்பலகையில் பார்க்கிறீர்களே, அதுதான். தலைமை அலுவலகம் எங்கள் ஊர் ஓரத்தில் குவீன் எலிசபெத் பார்க்கில் இருக்கிறது.

தாள்களைத் தேடும்போது இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்: அந்த வருடத்தில் அந்த வேலைக்கு யார் அதிகாரி? கோப்பு அவர் பின்னாலேயே போகும். 1910க்கு முன்னால் என்றால் காலனிச் செயலாளர் அலுவலகத் தொகுப்பு. சூலுலாந்து 1897இல்தான் நேட்டாலோடு சேர்ந்தது, அதற்கு முந்தையது தனி. 1910லிருந்து மாகாண நிர்வாகக் கோப்புகள். இவை எல்லாம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகம். டர்பன் மாநகராட்சி சம்பந்தப்பட்டது டர்பன் காப்பகம். (கடற்கரையில் வலை இழுக்க மாநகராட்சி அனுமதியும் தேவைப்பட்டிருக்கலாம், அதையும் விட்டுவிடாதீர்கள்.) பழைய குவாசூலு அரசின் காகிதங்கள் என்றால் உலுண்டி. இருபது வருடம் கடந்த அரசு ஆவணங்கள் பொதுவாக எல்லோருக்கும் திறந்தவை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இன்னும் காப்பகத்துக்கு வராமல் அலுவலகத்திலேயே தூங்குகிற கோப்பு என்றால் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். அது 2000ஆம் வருடச் சட்டம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால்தான் இந்த அலுவலகம் அந்த அலுவலகம் என்று பந்தாடுவார்கள். படிவத்தில் கேட்டால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கியே ஆக வேண்டும்.

போவதற்கு முன்னால் வீட்டிலிருந்தே தேசியக் காப்பகத்தின் தேடுபொறியில் பாருங்கள், அதில் என்.ஏ.பி. என்பது பீட்டர்மாரிட்ஸ்பர்க், டி.பி.டி. என்பது டர்பன். தாத்தா பெயரைச் சரியான எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் கவெண்டர் ஆகியிருப்பார், முதலியார் மூட்லி ஆகியிருப்பார், அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும், இரண்டு எஸ் ஒரு எஸ் ஆகியிருக்கும். தப்பாக எழுதிப் பழகுங்கள், அப்போதுதான் சரியாகக் கிடைக்கும்.

---

காட்டுப்பைத்தியம்

டீச்சரம்மா போர்டின் கதையை 1947இல் ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு மனசு ஆறவில்லை. கதை 1895இல் ஆரம்பிக்கிறது! ஹ்லுஹ்லுவே, உம்ஃபொலோசி, செயின்ட் லூசியா மூன்றையும் அந்த வருடம்தான் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவிலேயே மிகப் பழையவற்றில் சேர்த்தி. போர்டு என்ற பெயர்ப்பலகைதான் 1947.

இந்த நடுவில் இருக்கிற 50 வருடத்தில்தான் விஷயமே இருக்கிறது. 1911இல் வான்-கர்பி என்பவர் சூலுலாந்துக்கு முதல் வனவிலங்குக் காவல் அதிகாரியாக வந்தார். அவருக்கு வேட்டைக்காரனை விடப் பெரிய எதிரி யார் தெரியுமா, செட்சி ஈ. அது கடித்தால் மாடுகளுக்கு நகானா என்ற நோய் வரும். ஈ காட்டு மிருகத்தின் ரத்தத்தில்தானே வாழ்கிறது, மிருகத்தைக் கொன்றால் ஈ சாகும் என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கத்தினார்கள், அரசாங்கமும் துப்பாக்கியை எடுத்தது. காப்புக்காட்டுக்குள்ளேயே அரசுச் சம்பளத்தில் சுட்டார்கள். 1942லிருந்து 1950க்குள் உம்ஃபொலோசி பக்கம் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட விலங்குகள். வெள்ளைக் காண்டாமிருகத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இடையில் ஹாரிஸ் என்றொரு பூச்சி நிபுணர், 1930களில், ஒரு பொறி கண்டுபிடித்தார். ஈ மாட்டின் வயிற்றுப்பக்கம் நிழலாக இருக்கிற இடத்தைத் தேடித்தான் வரும் என்று கவனித்து, கோணித்துணியில் மிருக உடம்பு மாதிரி ஒன்று கட்டி, கீழே திறந்துவிட்டு, மேலே கூண்டு வைத்தார். உள்ளே போன ஈ வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறிக் கூண்டில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். அதையும் வைத்துக்கொண்டு சுட்டுக்கொண்டும் இருந்தார்கள், அதுதான் கொடுமை. கடைசியில் விமானத்திலிருந்து டிடிடி பூச்சிமருந்து தெளித்துத்தான் ஈ ஒழிந்தது. இந்த ஈ விவகாரத்துக்காக உம்ஃபொலோசி பல வருடம் கால்நடை மருத்துவத் துறையின் கையில் இருந்தது, 1952இல்தான் போர்டிடம் வந்து சேர்ந்தது. ஆக டீச்சரம்மா சொன்ன "யார் அதிகாரி" கணக்குப்படி அந்தக் காலத்துக் காட்டுக் கோப்பை மாட்டு டாக்டர்களின் தொகுப்பில் தேட வேண்டும். வேறு எவனுக்கும் அது தோன்றாது.

அடுத்த வருடம், 1953, போர்டின் வனக்காவலர் இயன் பிளேயர் சின்ன விமானத்தில் உட்கார்ந்து எண்ணினார். 437 வெள்ளைக் காண்டாமிருகம். இன்று உலகத்தில் எந்த மிருகக்காட்சிசாலையில் தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் நின்றாலும் அதன் பாட்டன் முப்பாட்டன் இந்த உம்ஃபொலோசிக்காரன்தான். 1961லிருந்து மயக்க ஊசி போட்டு, பெட்டியில் ஏற்றி, குரூகருக்கும் மற்ற நாட்டுக்கும் அனுப்பிப் பெருக்கினார்கள். பிளேயருக்குக் காட்டைச் சொல்லிக்கொடுத்தவர் மக்குபு ந்டொம்பேலா என்ற சூலுக்காரர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த ஓடை எந்த வருடம் வற்றியது என்று வாயாலேயே சொல்லுவார். அந்தப் பதிவேடு அவரோடு போய்விட்டது, பிளேயர் எழுதிவைத்தது மட்டும்தான் மிச்சம்.

சாட்ஸ்வர்த் தம்பி, உங்கள் கேள்விக்கு இதில் பதில் இல்லை, தெரியும். ஆனால் ஒன்று: எசெம்வெலோவிடம் எழுதிக் கேட்கும்போது காண்டாமிருக எண்ணிக்கை, இருப்பிடம் என்று எதையும் சேர்த்துக் கேட்டுவிடாதீர்கள், மொத்த மனுவையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். 2023இல் நாடு முழுக்கக் கொல்லப்பட்ட 499 காண்டாமிருகத்தில் 325 நம் மாகாணத்தில். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

---

மாரிட்ஸ்பர்க்_டீச்சர்

காடு அறிவித்தது 1895, சரி. நான் சொன்னது போர்டு. அவர் கேட்டதும் போர்டு. :) ஆனால் மாட்டு டாக்டர் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி, குறித்துக்கொண்டேன்.

---

ஜோபர்க்_புதுசு

சின்ன சந்தேகம், சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. டர்பன் கடலில் சுறாவுக்கு வலை போடுகிற போர்டும் இதுவும் ஒன்றா?

---

மெரிபேங்க்_கிழவன்

ஒன்று இல்லை தம்பி. சுறா போர்டு 1964இல் தனியாக வந்தது, உம்ஷ்லாங்காவில் இருக்கிறது. அவர்கள் வலை சுறாவுக்கு, நம் வலை மத்திக்கு. ஜூன் ஜூலையில் மத்தி ஓட்டம் வருகிறபோது அவர்கள் வலையை எடுத்துவிடுவார்கள், நம்மவர்கள் வலையைப் போடுவார்கள். அதை ஒரு தடவை நேரில் வந்து பார். வலை கரை தட்டுகிறபோது கோட்டு சூட்டுப் போட்டவன்கூட வாளியோடு தண்ணீரில் இறங்குவான்.

சரி, சாட்ஸ்வர்த் பேரனுக்கு. எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. என் பெரியப்பா வலைக்காரர். அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

உங்கள் தாத்தா எந்தப் பக்கத்துக்காரர் என்று முதலில் விசாரியுங்கள். டர்பன் துறைமுகத்துக்குள்ளே சாலிஸ்பரி தீவு என்று ஒன்று இருந்தது, இப்போது அது தீவே இல்லை, கரையோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே நம் மீன்காரர்கள் குடியிருந்தார்கள். கூலி ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள், கடலோர ஊரில் பிறந்தவர்களாக இருந்தால் தெரிந்த தொழிலைப் பார்க்கப் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்கு இடம் வேண்டுமென்று அவர்களைக் கிளப்பினார்கள். சிலர் பிளஃப் மேட்டின் அடிவாரத்தில் ஃபின்லாண்ட்ஸ் பக்கம் போய்க் குடிசை போட்டார்கள். பிறகு இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து அங்கிருந்தும் கிளப்பி, சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியது. கடலை விட்டு அத்தனை தூரம் தள்ளி ஒரு வலைக்காரன் குடியிருந்தால் விடிகாலை மூன்று மணிக்குக் கடற்கரைக்கு எப்படி வருவான்? பெரியப்பா பக்கியில் (பின்னால் திறந்த சின்ன லாரி) வலையையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு வருவார். டயர் பஞ்சரானால் அன்றைக்கு மத்தி போச்சு. வேடிக்கை என்னவென்றால் அதே சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கொட்டகையில்தான் 1961இல் இந்தியப் பிள்ளைகளுக்கென்று காலேஜ் திறந்தார்கள். மீன்காரனைக் கிளப்பின தீவில் மீன்காரன் மகனுக்கு பி.ஏ. நான் படித்தது அங்கேதான், தினம் படகில் போய்.

பார்க்ஸ் போர்டின் காக்கி உடுப்புக்காரர்கள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, மரப்பலகை ஒன்றில் ஆணி அடித்து அளவு குறித்திருப்பார்கள், அதில் மீனை வைத்து அளப்பார்கள். பெரியப்பா அவர்கள் முன்னால் மரியாதையாக நிற்பார், அவர்கள் போன பிறகு தமிழில் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

காட்டுப்பைத்தியம் தம்பி எழுதினதெல்லாம் உண்மைதான், அழகாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் எங்களுக்கு அந்தக் காடு வேறு மாதிரி. 1950களில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சரணாலயத்துக்கு (பெயர் வேண்டாம்) பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். வரிக்குதிரையைப் பார்த்தோம். தங்குகிற இடம், சாப்பிடுகிற இடம் எதுவும் எங்களுக்கு இல்லை. மேசை நாற்காலி போட்ட மரத்தடியைத் தாண்டி, பஸ் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே புளிச்சாதம் சாப்பிட்டோம், ஜன்னல் வழியாகக் குரங்கு ஒன்று வந்து என் அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டது. மாஸ்டர் சொன்னார், குரங்குக்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்லை என்று. இனத்துக்கு இனம் பொது இடங்களைப் பிரித்த தனி வசதிச் சட்டம் 1953இல் வந்தது, 1990இல்தான் போனது. அதனால் அந்தக் காலத்துப் பதிவேடுகளில் விருந்தினர் புத்தகத்தில் நம் பெயரைத் தேடாதீர்கள். லைசென்ஸ் புத்தகத்திலும் அபராத ரசீதிலும் தேடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1917 அக்டோபரில் உம்கெனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டில் தோட்டக்காரக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனபோது ஆறு பேர் ஒரு மீன்படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரையேற்றினார்கள். படவட்டான் ஆறுபேர் என்பார்கள். பெயரைப் பார்த்தால் படவு ஓட்டின குடும்பம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் கதை அரசுக் கோப்பை விட ஜனங்கள் வாயில்தான் அதிகம் நின்றது.

---

மீன்கணக்கு

வேலை இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். கடல்சார் ஆராய்ச்சிப் பக்கம் வேலை, எந்த இடம் என்று சொல்ல வேண்டாம் என நினைக்கிறேன்.

அந்தப் புத்தகத்தைத் தயவுசெய்து யாரிடமும் அசலாகக் கொடுத்துவிடாதீர்கள். ஜன்னல் ஓரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுங்கள், காலிப் பக்கமும் சேர்த்து.

பார்க்ஸ் போர்டு கடற்கரையில் இரண்டு விதமாகக் கணக்கு எடுத்தது. ஒன்று அவர்களுடைய ரோந்துக்காரர்கள் கரையோரம் நடந்துபோய்த் தூண்டில்காரர்களை எண்ணி, என்ன பிடித்தார்கள் என்று அட்டையில் எழுதுவது. இன்னொன்று உங்கள் தாத்தா மாதிரி லைசென்ஸ்காரர்களே எழுதித் திருப்பிக் கொடுப்பது. நம்மவர்கள் இதைக் கெடுபிடி என்று மட்டும் பார்த்தார்கள். ஆனால் ஷேட் மீன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் அது குறைந்துகொண்டே வருகிறது என்று கண்டுபிடித்ததே இந்த மாதிரி எண்ணிக்கையை வைத்துத்தான். அதனால்தான் இன்றைக்கும் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம் ஷேட் பிடிக்கக் கூடாது, மற்ற மாதத்தில் ஆளுக்கு நாளுக்கு 4, முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும். ஷேட் குழம்பு வைக்கிற எல்லார் வீட்டிலும் இந்தத் தேதி தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

ஆமைக் கதையும் இப்படித்தான். வடக்கே மாபுட்டாலாந்து கடற்கரையில் 1963லிருந்து ஒவ்வொரு கோடையிலும் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டையிட வருகிற ஆமைகளை எண்ணுகிறார்கள். பார்க்ஸ் போர்டு ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. ஒரு வருடக் கணக்கு ஒன்றுக்கும் உதவாது. அறுபது வருடக் கணக்கு என்றால் உலகமே வந்து கேட்கிறது.

தேடும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். 1998இல் வந்த கடல் உயிர்வளச் சட்டத்தோடு கடல் மீன்பிடி உரிமம் மத்திய அரசின் கைக்குப் போய்விட்டது. உங்கள் புத்தகம் 1978இல் முடிகிறது, ஆகவே உங்களுக்கு அது மாகாண விவகாரம்தான், டீச்சர் சொன்ன இடங்களே சரி. இரண்டு அலுவலகம் உங்களைப் பந்தாடியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இப்போது மீன் என்றால் அவர்களுக்கு உடனே மத்திய அரசின் மீன்வள அலுவலகம் இருக்கிற கேப் டவுன்தான் ஞாபகம் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மீனே கிடைக்காத நாட்களையும் தாத்தா எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் கிடைத்த நாளை மட்டும்தான் எழுதுவார்கள். வலை போட்டும் பூஜ்யம் என்று எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்துக்கு எங்களைப் போன்றவர்களிடம் மதிப்பே வேறு. எத்தனை தடவை முயற்சி செய்து எவ்வளவு கிடைத்தது என்று வகுத்துப் பார்த்தால்தான் கடலில் மீன் இருந்ததா இல்லையா என்று தெரியும்.

---

காட்டுப்பைத்தியம்

மெரிபேங்க் ஐயா, அந்த அப்பளத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் அதே மாதிரி மரத்தடி மேசையில் போன மாதம் பிள்ளைகளோடு பிராய் (தணலில் இறைச்சி சுடுவது) போட்டேன். ஒரு தடவைகூட இதை யோசித்ததில்லை.

---

மெரிபேங்க்_கிழவன்

யோசிக்காமலே சாப்பிடுங்கள் தம்பி, அதற்குத்தானே. குரங்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

சாட்ஸ்வர்த்_பேரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலையில் லீவு கிடைக்கவில்லை.

ரப்பர் பேண்டைக் கழற்றியாகிவிட்டது. டீச்சர் சொன்னது சரி, பின் அட்டையில் ஏற்கெனவே பழுப்புக் கோடாக ஒட்டியிருந்தது.

தேடுபொறியில் தாத்தா பெயரை ஆறு விதமாகத் தப்பாக எழுதினேன். ஐந்தாவது தப்பில் கிடைத்தது. போன வெள்ளிக்கிழமை மாரிட்ஸ்பர்க் போய், பையையும் பேனாவையும் வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்து காத்திருந்தேன். வந்தது தடிமனான கோப்பு, பெரும்பாலும் வேறு யார் யாருடையதோ கடிதங்கள். நடுவில் கரைவலைக்காரர்கள் சேர்ந்து கொடுத்த ஒரு மனு, டைப் அடித்தது. மத்தி வருகிற மாதத்தில் கடற்கரையில் இன்னொரு இடத்திலும் வலை இறக்க விட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கீழே பதினொரு பேர். நாலு பேர் கைநாட்டு, நாலு பேர் ஆங்கிலம், மூன்று பேர் தமிழ். அந்த மூன்றில் ஒன்று தாத்தா. மீன் புத்தகத்தில் இருக்கிற அதே கையெழுத்து, கடைசி எழுத்தின் கொம்பை மேலே இழுத்து முழுப் பெயருக்கும் குடை பிடிக்கிற மாதிரி வளைத்திருப்பார். பக்கத்தில் ஒரு குமாஸ்தா பென்சிலால் அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார், தப்பாக. அந்தத் தப்புதான் தேடுபொறியில் ஏறியிருக்கிறது. மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று அந்தக் கோப்பில் இல்லை, அடுத்த கோப்பைக் கேட்டு எழுதிப்போட்டு வந்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுத்த கார்பன் தாள்கள் இன்னும் கிடைக்கவில்லை. தகவல் சட்டப் படிவத்தை எசெம்வெலோவுக்கு அனுப்பியாகிவிட்டது, 30 நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். காண்டாமிருகம் என்ற வார்த்தையே அதில் இல்லை. :)

மெரிபேங்க் தாத்தா, அம்மாவிடம் கேட்டேன். ஃபின்லாண்ட்ஸ்தானாம். அதற்கு முன்னால் தீவா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, பெரியத்தையிடம் கேட்கச் சொன்னார்.

மீன்கணக்கு, நீங்கள் கேட்டது இருக்கிறது. பூஜ்யம் போட்ட நாட்கள் நிறைய இருக்கின்றன, சில மாதத்தில் பாதிக்குப் பாதி. 1975 ஜூலையில் வரிசையாக நாலு நாள் பூஜ்யம். அதிகாரிக்குப் போகிற கட்டத்தில் எண் மட்டும்தான், ஆனால் ஓரத்தில், கார்பன் ஏறாத இடமாகப் பார்த்து, பென்சிலால் தமிழில் காரணம் எழுதியிருக்கிறார். முதல் நாள் "காத்து". இரண்டாம் நாள் "காத்து". மூன்றாம் நாள் "ஆள் வரல்லே". நாலாம் நாள் "மடி கிழிஞ்சு போச்சு, நெறய இருந்துது". முதலில் எனக்குப் புரியவில்லை, மடி என்றால் வலையின் கடைசிப் பை என்று அம்மா சொன்ன பிறகுதான் புரிந்தது. மீன் இல்லாத பூஜ்யம் இல்லை அது, மீன் அதிகமாகி வலை தாங்காமல் போன பூஜ்யம். உங்கள் வகுத்தல் கணக்கில் இதை எப்படிப் போடுவீர்கள்?

போட்டோக்களை மொத்தமாக ஏற்றிவிட்டு இங்கே சொல்கிறேன். அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் மாரிட்ஸ்பர்க் போகிறேன், காலை ஏழு மணிக்குக் கிளம்புவேன். டர்பன் பக்கமிருந்து யாராவது வருவதாக இருந்தால் காரில் இரண்டு இடம் இருக்கிறது.